சக்கரம் வைத்த பம்ப்

இந்த முறை கேள்வி அனுப்பிய வாசகர், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் வந்தவர். அங்கே ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தில், மூக்கின்மேல் பெரிய வெள்ளி உருண்டையோடு எண்பது வருடப் பழைய தீயணைப்பு வண்டி ஒன்று வந்ததாம். அதைக் கண்டதும், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து கைதட்டினார்களாம். அவர் கேட்பது மூன்று விஷயம்: அந்த உருண்டை எதற்கு, ஓடாத வண்டிக்கு ஏன் இத்தனை மரியாதை, நம் ஊரில் தீயணைப்பு வீரர்களுக்கு இப்படி நன்றி சொல்ல வழி இருக்கிறதா.

உருண்டையிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அதுதான். கோயம்புத்தூரில் முப்பது வருடம் பம்ப் கம்பெனிகளில் வேலை பார்த்தவன் நான். எங்கள் கண்ணுக்குத் தீயணைப்பு வண்டி என்பது சக்கரம் வைத்த பம்ப், அவ்வளவுதான். ஏணி, மணி, சிவப்புப் பெயிண்ட் எல்லாம் அப்புறம்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஆரன்ஸ்-ஃபாக்ஸ் வண்டியாக இருக்கும். அதே ஒஹையோவில், சின்சினாட்டி நகரத்தில் செய்தது. மற்ற கம்பெனிகள் பம்பை வண்டியின் நடுவயிற்றில் வைத்தபோது, இவர்கள் எஞ்சினுக்கும் முன்னால், மூக்கிலேயே வைத்தார்கள். அது பிஸ்டன் பம்ப். தெருமுனை அடிபம்பில் தண்ணீர் அடித்தவர்களுக்கு பிஸ்டன் பம்பின் குணத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கொட்டு. கை மேலே போகும்போது தண்ணீர் நின்றுவிடும். தீயணைப்புக் குழாயில் இப்படி விட்டு விட்டு வந்தால், நாசிலைப் பிடித்திருப்பவரின் தோள்பட்டை கழன்றுவிடும். தண்ணீரும் குறிப்பிட்ட இடத்தில் போய் விழாது.

அதற்குத்தான் உருண்டை. உள்ளே இருப்பது வெறும் காற்று. பிஸ்டன் தள்ளும்போது தண்ணீர் உருண்டைக்குள் ஏறிக் காற்றை நசுக்கும். பிஸ்டன் திரும்புகிற அந்த ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில், நசுங்கிய காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும். ஆக, துடித்துத் துடித்து வரவேண்டிய தண்ணீர் ஒரே சீராக, கம்பி இழுத்த மாதிரி வரும். இந்த யோசனை மோட்டார் வண்டிக்கு ரொம்ப முந்தையது. லண்டனில் ரிச்சர்ட் நியூஷம் என்பவர் 1720களில் செய்துவிற்ற கையால் அடிக்கும் தீயணைப்பு எந்திரத்திலேயே இந்தக் காற்றறை உண்டு. ஆரன்ஸ்-ஃபாக்ஸ்காரர்கள் அதை ஒளித்து வைக்காமல் உருண்டையாக்கி, குரோம் பூசி, நெற்றிப்பொட்டு மாதிரி முன்னால் வைத்துவிட்டார்கள். வியாபார புத்தியும் கொஞ்சம் இருந்திருக்கும், தப்பில்லை.

நிமிடத்துக்கு ஆயிரம் அமெரிக்க கேலன் தள்ளும் மாடல்கள் அதில் உண்டு. நம் கணக்கில் சுமார் 3,800 லிட்டர். உங்கள் மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் பதினாறு செகண்டில் காலியாகிவிடும்.

அப்படியென்றால் இன்று ஏன் எல்லா வண்டியிலும் சென்ட்ரிஃபியூகல் பம்ப்? அதுவும் நமக்குத் தெரிந்த கதைதான். பம்புக்குள் இருக்கும் இறக்கைச் சக்கரம், அதாவது இம்பெல்லர், சுற்றினால் தண்ணீர் ஒரே சீராகத்தான் வரும், உருண்டை வேண்டாம். தேயும் பாகங்களும் குறைவு. தெருவில் தீயணைப்புக்கென்றே வைத்திருக்கும் குழாயான ஹைட்ரன்டிலிருந்து தண்ணீர் ஏற்கனவே அழுத்தத்தோடு வந்தால், அந்த அழுத்தத்தின்மேல் தன் பங்கையும் சேர்த்துத் தள்ளும். ஒரே ஒரு குறை, தானாகக் காற்றை இழுத்துக்கொள்ளத் தெரியாது. குழாயின் அடியில் தண்ணீரை இறங்கவிடாமல் நிறுத்தும் ஃபுட் வால்வு சரியில்லாத கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு, "தண்ணி ஏறலையே" என்று வாளியோடு ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றி, பிரைமிங் செய்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். தீயணைப்பு வண்டியும் அதே பம்ப்தான். இங்கிலாந்தின் டென்னிஸ் கம்பெனி 1908-ல் தன் முதல் தீயணைப்பு வண்டியை பிராட்ஃபோர்ட் நகரத்துக்கு விற்றபோது, போட்டது சென்ட்ரிஃபியூகல் வகை. அந்த வகை வண்டி எல்லாவற்றிலும், முதலில் குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்ற, தனியாக ஒரு சின்ன ஏற்பாடு இருக்கும். பிஸ்டன் பம்புக்கு அந்தத் தொல்லை இல்லை, காற்றானாலும் தண்ணீரானாலும் இழுத்துவிடும். ஆரன்ஸ்-ஃபாக்ஸ் 1950களின் தொடக்கம்வரை பிடிவாதமாகப் பிஸ்டனையே விடாமல் இருந்ததற்கு அது ஒரு காரணம்.

ஆனால் எந்தப் பம்பும் மீற முடியாத ஒரு எல்லை உண்டு. மேலே இழுப்பது உண்மையில் பம்ப் அல்ல, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் அதிகபட்சம் 10.3 மீட்டர் தூக்கும். நடைமுறையில் ஏழு, ஏழரை மீட்டர், அதாவது சுமார் 25 அடி. அதற்குக் கீழே தண்ணீர் இருந்தால், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியானாலும் சக்‌ஷன் பைப்பைப் போட்டுக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் பல்லடம் பக்கத்தில் பார்த்தேன். எனக்குப் பத்து வயது இருக்கும், அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டில் வைக்கோல் போர் பற்றிக்கொண்டது. வண்டி வந்தது. கொண்டுவந்த தண்ணீர் சில நிமிடத்தில் தீர்ந்தது. கிணற்றில் பைப்பை விட்டார்கள். தண்ணீர் நாற்பதடிக்குக் கீழே. ஏறவில்லை. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதி ஆழத்தில் மேடை கட்டி, மோட்டாரை உள்ளே இறக்கி வைத்திருப்பார்கள், இதே 25 அடிக் கணக்குக்காகத்தான். தீயணைப்பு வண்டியைக் கிணற்றுக்குள் இறக்க முடியுமா? வந்தவர்களில் மூத்தவர் ஒருவர் சட்டென்று எங்கள் கிணற்று மோட்டாரைப் போடச் சொன்னார். அது மாட்டுத்தொட்டியை நிரப்ப, வண்டி தொட்டியிலிருந்து உறிஞ்சி அடித்தது. போர் போனது போனதுதான், பக்கத்தில் இருந்த மாட்டுக்கொட்டகை தப்பியது. பம்பின் மேல் எனக்குக் கிறுக்கு பிடித்தது அன்றைக்குத்தான்.

இதே தண்ணீர்ப் பிரச்சினை உலகத்தின் பெரிய தீ ஒன்றிலும் நடந்திருக்கிறது. 1861 ஜூன் 22, லண்டன் டூலி தெரு. தேம்ஸ் கரையில் வரிசையாகக் கிடங்குகள், அவற்றில் பருத்தி, சணல், கொழுப்பு என்று எரிவதற்கென்றே சேர்த்து வைத்த மாதிரி சரக்கு. பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது, ஆனால் வடிநீர் நேரம். ஆற்றுமட்டம் இறங்கிக் கிடந்ததால் ஆரம்பத்தில் போதுமான தண்ணீர் கிடைக்கவில்லை. கிடங்குகளுக்கு நடுவே இருந்த இரும்புக் கதவுகளைச் சாத்தாமல் விட்டிருந்தார்கள். அந்தத் தீ அடங்க இரண்டு வாரம் ஆனது.

லண்டன் தீயணைப்புப் படையின் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட், தன் ஆட்களைக் கவனிக்க முன்வரிசைக்குப் போனபோது சுவர் இடிந்து விழுந்து இறந்துபோனார். இன்றும் தீயணைப்புப் பயிற்சிகளில் சொல்லித்தரும் ஓர் அடிப்படை, வெளியே நின்று புகையின்மேல் தண்ணீர் அடிக்காதே, உள்ளே போய்த் தீயின் வேரில் அடி என்பது. அதை 1824-ல் எடின்பரோவில் படை அமைத்தபோதே வலியுறுத்தியவர் அவர். அவருடைய இறுதி ஊர்வலம் ஒன்றரை மைல் நீளம் போனது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டையில் இருந்த பொத்தான்களைக் கழற்றி அவருடைய ஆட்களுக்கு நினைவாகக் கொடுத்தார்களாம். அப்போது அந்தப் படை அரசாங்கத்துடையது அல்ல, இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்தியது. டூலி தெரு நஷ்டத்தைப் பார்த்து மிரண்ட கம்பெனிகள், இது எங்களால் ஆகாது என்று கையை விரித்தன. அதன் விளைவாக 1865-ல் சட்டம் வந்து, மறு வருடம் தீயணைப்பு பொதுச் செலவில் நடக்கும் பொதுப்பணி ஆனது. பழைய லண்டன் படங்களில் தங்கம் மாதிரி மின்னும் பித்தளைத் தலைக்கவசம் இருக்குமே, அது அந்தப் புதிய படையோடு வந்தது. பார்க்க அழகு. ஊரெல்லாம் மின்சாரம் வந்த பிறகு பித்தளையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒயருக்கு அடியில் போவது தற்கொலை என்று புரிந்து, 1930களில் மாற்றினார்கள்.

சரி, இரண்டாவது கேள்வி. முதலில் ஒரு திருத்தம்: அது ஓடாத வண்டி அல்ல. ஊர்வலத்துக்குத் தன் எஞ்சினில்தான் வந்திருக்கும். பம்பும் வேலை செய்யும். அமெரிக்காவில் பழைய தீயணைப்பு வண்டிக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஏரிக்கரையில் கூடி, வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஏரித்தண்ணீரை உறிஞ்சித் திரும்ப ஏரிக்குள்ளேயே பீய்ச்சி அடிப்பார்கள். வெளியாளுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பம்ப்காரனுக்குத்தான் அருமை தெரியும். பம்பைக் கெடுப்பது ஓட்டம் அல்ல, சும்மா நிற்பது. சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்ட் பாக்கிங் காய்ந்து போகும், வால்வு பிடித்துக்கொள்ளும், உள்ளே துரு ஏறும். 1958-ல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரத்தில் இவர்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். பெயரில் 'பாதுகாப்பது' என்பதோடு 'பாராட்டுவது' என்பதையும் சேர்த்துத்தான் வைத்தார்கள். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் இதற்கென்றே பெரிய அருங்காட்சியகமும் இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், கயிறு கட்டிய மேடையில் பளபளவென்று நிற்கும் பத்து வண்டியைவிட, ஏரிக்கரையில் புகைவிட்டுக்கொண்டு உறுமும் ஒரு வண்டி மேல்.

கைதட்டலுக்குக் காரணம் வேறு. அமெரிக்காவின் சின்ன ஊர்களில் தீயணைப்பு வீரர்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள் இல்லை, தன்னார்வலர்கள். பகலில் பள்ளிக்கூட வாத்தியார், பால்பண்ணைக்காரர், மெக்கானிக். அழைப்பு வந்தால் தீயணைப்பு வீரர். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736-ல் ஃபிலடெல்ஃபியாவில் நண்பர்களைச் சேர்த்து யூனியன் ஃபயர் கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து வரும் பழக்கம். வண்டி வாங்கக் காசு வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை காலை தீயணைப்பு நிலையத்தில் தோசைமாதிரி பான்கேக் சுட்டு ஊருக்குப் போட்டு வசூல் செய்வார்கள். நம் ஊரில் கோயில் தேருக்கு வரி போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். தேர் யாருடையது? ஊருடையது. வடம் பிடிப்பவன் பக்கத்து வீட்டுக்காரன். தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது நாம் எழுந்து நிற்பதில்லையா, கிட்டத்தட்ட அதுதான் நீங்கள் பார்த்தது. வண்டியின் பக்கவாட்டில் தங்க ரேக் ஒட்டி ஊர்ப் பெயர் எழுதியிருந்ததைக் கவனித்தீர்களா? அந்த அலங்காரம், ஒரே ஊரில் பல தன்னார்வக் கம்பெனிகள் போட்டி போட்ட காலத்து மிச்சம். யார் வண்டி அழகு, யார் வண்டி முதலில் தீக்குப் போகும் என்று பந்தயம். தீயை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்ட கதைகளும் உண்டு. சின்சினாட்டியில் இந்தச் சண்டை பொறுக்க முடியாமல் போய்த்தான், 1853-ல் ஊர்க்காரர்கள் லாட்டா என்பவர் செய்த நீராவித் தீயணைப்பு எந்திரத்தை வைத்துச் சம்பளப் படை அமைத்தார்கள். கையால் அடிக்க டஜன் கணக்கில் ஆள் வேண்டாம் என்றானதும், கூட்டமும் சண்டையும் குறைந்தன. ஆரன்ஸ்-ஃபாக்ஸ் அதே ஊரில் பிறந்தது சும்மா இல்லை, நீராவிப் பம்ப் செய்து பழகிய ஊர் அது.

நீராவிக் காலத்துக் குதிரைகளைப் பற்றி ஒரு வரி. மணி அடித்தால் லாயத்துக் கதவு திறக்கும், பழக்கிய குதிரைகள் தாமாகவே வந்து வண்டிக்கு முன்னால் நிற்கும், மேலே தொங்கும் சேணம் அப்படியே முதுகில் இறங்கும். நியூயார்க் நகரத்தில் கடைசிக் குதிரை வண்டி 1922 டிசம்பர் 20-ல் ஓய்வு பெற்றது.

பழைய வண்டியைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது பம்பை. அடுத்தது, ஆட்கள் எங்கே நின்றார்கள் என்பதை. நீங்கள் பார்த்த வண்டியின் பின்பக்கம் ஒரு அகலமான படியும், இடுப்பு உயரத்தில் ஒரு கம்பியும் இருந்திருக்கும். அதில் நின்றுகொண்டுதான் வீரர்கள் போனார்கள். மழையோ பனியோ, அறுபது மைல் வேகமோ, பிடிமானம் அந்தக் கம்பி ஒன்றுதான். பாதிப்பேர் ஓடும்போதே கோட்டு மாட்டிக்கொண்டிருப்பார்கள். பிரிட்டனில் இன்னும் வேடிக்கை: வண்டியின் இருபுறமும் நீளமான பெஞ்சு, முதுகைக் காட்டி வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த அமைப்புக்குப் பெயர் 'பிரெய்ட்வுட் பாடி', மேலே சொன்ன அதே மனிதரின் பெயர். திருப்பத்தில் ஆள் தெறித்து விழுந்து செத்ததுண்டு. தீயில் அல்ல, தீக்குப் போகும் வழியில். அமெரிக்காவில் எல்லாரும் உட்கார்ந்து பெல்ட் போட்டுத்தான் போக வேண்டும் என்ற தரவிதி 1987-ல்தான் வந்தது. புது வண்டிகளில் ஆட்கள் இருக்கும் இடம் முழுக்க மூடியிருக்க வேண்டும் என்பது 1991-ல். அதனால் பழைய வண்டியின் அந்தப் பின்படியை நான் அழகு என்று ரசிப்பதில்லை. புது வண்டியில் கதவும் பெல்ட்டும் இருக்கிறதென்றால், அந்தப் படியிலிருந்து விழுந்தவர்கள் கொடுத்தது அது.

ஏணிக்கும் இதே கதை. 1911 மார்ச் 25, நியூயார்க் டிரையாங்கிள் தையல் ஆலைத் தீ. எரிந்தது எட்டு, ஒன்பது, பத்தாவது தளங்கள். ஏணி எட்டியது ஆறாவது தளம்வரை. செத்தவர்கள் 146 பேர், பெரும்பாலும் இளம்பெண்கள், வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. வண்டியும் ஆளும் நேரத்துக்கு வந்தும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருந்தது. தீயணைப்புக்காரர்களோடு பேசிப் பாருங்கள், எரிகிற வீட்டைவிட, பூட்டிய கதவைப் பற்றித்தான் அதிகம் கோபப்படுவார்கள்.

இனி நம் பக்கம். இந்தியாவில் பழைய தீயணைப்பு வண்டி பார்க்க வேண்டுமானால் டெல்லிக்குப் போகும்போது சாணக்கியபுரி தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1914-ல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் ஜான் மாரிஸ் அண்ட் சன்ஸ் கம்பெனி செய்து, ஹைதராபாத் நிஜாமின் ரயில்வேக்கு வந்த வண்டி அங்கே இருக்கிறது. காற்றடைத்த டயர் இல்லை, கெட்டி ரப்பர். முன்கண்ணாடி இல்லை, கூரையும் இல்லை. டெல்லியில் நடக்கும் பழைய கார் ஊர்வலங்களுக்கு அதை ஓட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். ரயில்களைப் பார்க்கப் போன என் பேரன் அதைவிட்டு நகரமாட்டேன் என்று அழுதான், நானும் அழாத குறைதான்.

மற்றபடி நம்மிடம் மிஞ்சியவை குறைவு. அரசாங்க வண்டி கழித்துக்கட்டியதும் ஏலம். ஏலம் எடுத்தவர் எடைக்குப் போடுவார். பதினைந்து வருடம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்று 2023 ஏப்ரலிலிருந்து மத்திய அரசு விதி இருக்கிறது. காற்று மாசுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு வண்டியையாவது, ரோட்டில் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, பம்பைத் திறந்து உள்ளே இம்பெல்லர் தெரிகிற மாதிரி வெட்டி, நிலைய வாசலில் வைத்தால் என்ன? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இயற்பியல் பாடம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நன்றி சொல்ல நமக்கென்று ஒரு நாள் ஏற்கனவே இருக்கிறது, ஏப்ரல் 14. தமிழ்ப் புத்தாண்டும் அம்பேத்கர் பிறந்தநாளும் சேர்ந்து வருவதால் பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் தீத்தொண்டு நாள் என்பார்கள், 20-ம் தேதிவரை தீத்தொண்டு வாரம். காரணம் 1944-ல் பம்பாய் துறைமுகத்தில் நடந்தது. 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பல், வயிற்றில் சுமார் 1,400 டன் வெடிபொருள், கூடவே கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள், போதாததற்குத் தங்கக் கட்டிகள். யுத்த காலம், இடம் கிடைத்த வரை ஏற்றிவிட்டார்கள். மத்தியானம் பஞ்சில் புகை கண்டது. பஞ்சுத் தீ எப்படிப்பட்டது என்று கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் திருப்பூர்க்காரர்களுக்கும் தெரியும்: மேலே அணைந்த மாதிரி இருக்கும், பொதிக்குள்ளே கங்கு உயிரோடு இருக்கும். தண்ணீரும் சட்டென்று உள்ளே இறங்காது. தீயணைப்பு வீரர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு கப்பலிலேயே நின்று அடித்தார்கள். மாலை நான்கு மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. சுமார் அரை மணி நேரத்தில் இன்னும் பெரிதாக இரண்டாவது வெடி. நூற்றுக்கணக்கான பேர் செத்தார்கள், அவர்களில் தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். கப்பலில் இருந்த தங்கக் கட்டிகள் ஊருக்குள் போய் விழுந்த கதையைத்தான் எல்லாரும் ருசியாகச் சொல்வார்கள். அந்த 66 பேர் நினைவாகத்தான் ஏப்ரல் 14-ல் வீரர்கள் சட்டையில் சின்னக் கொடி குத்திக்கொள்கிறார்கள், நிலையங்களில் மலர்வளையம் வைக்கிறார்கள்.

உலக அளவில் மே 4 இன்னொரு நாள். 1998 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், லின்டன் என்ற இடத்துக் காட்டுத்தீயில் ஐந்து தன்னார்வ வீரர்கள் வண்டியோடு சிக்கி இறந்தார்கள். காற்று திசை மாறியது, அவ்வளவுதான். அதை ஒட்டி வந்த நாள் அது. தீயணைப்பாளர்களின் காவலராக ஐரோப்பியர் கும்பிடும் புனித ஃபுளோரியானின் திருநாளும் அதுவே.

ஆனால் நம் ஊரில் தீயணைப்பு வீரர் அரசு ஊழியர், வேறு ஊரிலிருந்து மாற்றலில் வந்திருப்பார், முகம் தெரியாது. அமெரிக்கச் சின்ன ஊரின் கைதட்டலை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஒட்டாது. அதோடு, நம் ஆட்கள் செய்யும் வேலையில் பாதிக்குத் தீயோடு சம்பந்தமே இல்லை. கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் வந்த பாம்பு, பள்ளிக்கூட மரத்தில் கதண்டு கூடு, வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட குடும்பம், விரலில் இறுகிக்கொண்ட மோதிரம். எதற்கும் 101-ஐக் கூப்பிடுகிறோம், வருகிறார்கள்.

எனக்குத் தெரிந்த வழிகளைச் சொல்கிறேன். சைரன் கேட்டால் வண்டியை ஓரம்கட்டுங்கள், பின்னாலேயே தொற்றிக்கொண்டு சந்தில் சிக்னலைத் தாண்டப் பார்க்காதீர்கள். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் ஒருநாள் கீழே இறங்கிப்போய் ஹைட்ரன்ட் எங்கே இருக்கிறது, அதன்மேல் யார் பைக்கை நிறுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மாடிப்படியில் பழைய சைக்கிளையும் துணி காயப்போடும் ஸ்டாண்டையும் வைக்காதீர்கள். சங்கத்துக்காரர்கள் தீயணைப்புப் பம்பை மாதத்துக்கு ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் போய்ப் பார்த்த கட்டடங்களில் பாதியில் அது பிடித்துக்கொண்டு கிடந்தது, ஒன்றில் சக்‌ஷன் வால்வை மூடிவைத்துப் பூட்டே போட்டிருந்தார்கள், சாவி காவலாளியின் ஊருக்குப் போயிருந்தது. சொந்தக் கிணறு, பெரிய தொட்டி இருக்கிற தோட்டத்துக்காரர்கள் பக்கத்து நிலையத்தில் சொல்லி வையுங்கள், "எங்களிடம் தண்ணீர் இருக்கிறது, லாரி இதுவரை வரும்" என்று. அவர்களுக்கு மாலையைவிட இந்தத் தகவல் பெரிது.

அப்புறம் சோறு. அன்று வைக்கோல் போரை அணைத்து முடித்ததும், அம்மாயி ஒரு பெரிய பானை மோரைக் கரைத்து, உப்பும் கொத்தமல்லியும் போட்டு, வந்த ஏழு பேருக்கும் சொம்பு சொம்பாக ஊற்றினார். முகமெல்லாம் கரி, கையெல்லாம் வைக்கோல் துகள். "இன்னொரு சொம்பு குடி சாமி" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பேச்சு ஒன்றும் கிடையாது, பொன்னாடையும் கிடையாது.

தீபாவளி அன்று ஊரே வெடி வெடிக்கும்போது, நிலையத்தில் இருப்பவர்கள் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிக்கு நானும் என் வீட்டுக்காரியும் ஒரு தூக்கு நிறைய முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு பக்கத்து நிலையத்துக்குப் போனோம். முதலில் புகார் கொடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்தார்கள். நான் பம்ப்காரன் என்றதும் டிரைவர் வண்டியின் பின்னால் அழைத்துப்போய், பேனலைத் திறந்து, எந்த கேஜ் எதற்கு என்று காட்டத் தொடங்கினார். பாதியில் அழைப்பு வந்துவிட்டது, ராக்கெட் விழுந்து ஏதோ தகரக் கூரைக் குடோன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கூடம் காலி. தூக்கை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பினோம்.

பத்து நாள் கழித்து அந்த டிரைவர் பைக்கில் வந்து தூக்கைக் கொடுத்துவிட்டுப் போனார். நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாதே, உள்ளே நிலையத்து மரத்திலிருந்து பறித்த எலுமிச்சம்பழம் ஏழெட்டு இருந்தது.